தூக்குவாளியில் ஒரு முனகல்

முனகல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது யாரும் திடுக்கிடவில்லை, ஏனென்றால் அது குழாயில் தண்ணீர் வருகிற நேரம், தூத்துக்குடியில் தண்ணீர் வருகிற நேரத்தில் யாரும் எதற்கும் திடுக்கிடுவதில்லை, குடத்தை நகர்த்தி வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். கயிற்றுக்காரத் தெருவின் பெண்கள் வரிசையில் நிற்க, முனகலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது; உருவம் இல்லை, நிழல் இல்லை, வாயை மூடிக்கொண்டு ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருக்கிற ஓர் ஆளின் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் இடுப்பில் பிள்ளையோடு நின்ற எதிர்வீட்டுச் செல்வமரி, "இடிக்காதீங்க, எல்லாருக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள், அங்கே சத்தம் மட்டும் நிற்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது ஒங்க வீட்டுதா?"

"ஆமாம்மா. இப்பத்தான் வெளிய வந்துச்சு."

"அதுக்காக வெயில்ல நிக்க விடலாமா? பாவம்லா."

அவள் கையில் காலியாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. அதைச் சாய்த்துப் பிடித்தாள், முனகல் பூனை நுழைகிற மாதிரி உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது, அவள் மூடியைப் போட்டு, "மோர் ஊத்தின கனம் இருக்கு" என்று என்னிடம் தந்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள், அவள் முறை வந்துவிட்டது.

இது எப்படி வந்தது என்று சொல்வதென்றால் என் மனைவி இமெல்டாவின் காதிலிருந்து தொடங்க வேண்டும். ரோட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன்களைச் சோதிக்கிற வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்பியபோது கூடவே வந்த பெட்டிகளில் ஒன்று ஆம்ப்ளிபயர், இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், அந்தக் கனத்தில் முக்கால்வாசி அதன் வயிற்றில் இருக்கிற டிரான்ஸ்பார்மர். அதை முன்னறையில் வைத்து, ஸ்பீக்கர்களை மாட்டி, ஒரு பாட்டைப் போட்டு, உலகத்தையே சரிசெய்துவிட்ட திருப்தியோடு நான் நாற்காலியில் சாய்ந்தபோது இமெல்டா அடுக்களையிலிருந்து சொன்னாள்: "பாட்டுக்கு அடியில ஒருத்தன் முனகுதான்."

எனக்குக் கேட்கவில்லை. பாட்டை நிறுத்தினேன், அப்போதும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் இமெல்டா எங்கள் கோயிலின் பாடகர் குழுவை நடத்துகிறவள், திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்கு முந்தின வாரம்தான் அவள் பயிற்சியின் நடுவில் கையை உயர்த்தி, கோயில் ஸ்பீக்கருக்குள் ஏதோ முனகுகிறது, அது எல்லாரையும் கீழே இழுக்கிறது என்று சொல்லியிருந்தாள், குழுவில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. பாட்டுக் கமிட்டியின் தலைவர் மொராயிஸ் அண்ணாச்சி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழுவிலேயே கனமான குரல் அவருடையதுதான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நமக்கெல்லாம் வயசாகுதுல்லா. காதைக் கொஞ்சம் காட்டிருங்க. இல்லன்னா ஒண்ணும் கெட்டுப்போகலை, டிராக்கைப் போட்டுப் பாடிரலாம், இப்ப எல்லாம் பென்டிரைவ்ல வந்துட்டு." டீச்சரா டிராக்கா என்று கொடியேற்றத்துக்கு முன்னால் கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றார்.

இமெல்டா அழவில்லை. சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அது பெட்டியில இருக்கா, என் காதுல இருக்கா? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எதுன்னாலும் சொல்லிருங்க. காதுலன்னா நானே போய்க் கோயில் சாவியைக் குடுத்திருதேன்."

நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வருகிற வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், "இருக்கு" என்றாள் அடுக்களையிலிருந்து; சத்தத்தைக் கூட்டும் திருகைச் சுழிக்குக் கொண்டுவந்தேன், "இருக்கு" என்றாள்; ஸ்பீக்கர்களையே கழற்றி வெளியே வைத்தேன், "இப்பவும் இருக்கு, ஆனா தரைக்குப் பக்கத்துல இறங்கிட்டு" என்றாள். அப்படியென்றால் அது வயர் வழியே வருவதல்ல, ஸ்பீக்கரில் பிறப்பதல்ல, டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகளே நடுங்குகின்றன என்று அர்த்தம். மரக்கரண்டியின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தேன், காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, விரலில் மட்டும் எறும்பு நடக்கிற கூச்சம். அடியில் இருந்த போல்ட்டை இறுக்கினால், "குறைஞ்சுட்டு" என்று குரல் வரும். லேசாகத் தளர்த்தினால், "கூடிட்டு" என்று வரும். நான் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒருதரம், "இப்ப எதைத் தொட்டீங்க, பெருசாயிட்டே" என்று வந்தது, எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டில் செல்வமரி தலைக்குக் குளித்துவிட்டு முடி காயவைக்கும் மிஷினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டிருந்தாள், அந்த மிஷின் கரண்டின் ஒரு பாதியை மட்டும் குடித்துவிட்டு மறுபாதியைத் தெருவுக்குத் துப்புகிறது, அதைத் தாங்காமல் எங்கள் டிரான்ஸ்பார்மர் திணறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு புளி கரைத்த ஒருத்தி இத்தனையையும் சொன்னாள். எனக்கு அந்த நிமிஷமே சந்தேகம் தீர்ந்துவிட்டது. மொராயிஸ் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"பொண்டாட்டிக்குப் புருஷன் சாட்சியா தம்பி?" என்றார். "நல்லாருக்கே!"

கல்யாணம், சடங்கு, திருவிழா என்று ஊரெல்லாம் மைக் செட் கட்டுகிற ராயப்பனைக் கூப்பிட்டேன். ராயப்பன் வந்தான், பெட்டியைக் கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் தட்டினான், "எர்த் சரியில்லை அண்ணாச்சி, நான் பாக்காத ஹம்மிங்கா?" என்றான். அதற்கு முன்னால் ஸ்பீக்கரைத்தான் குறை சொன்னான், அதற்கும் முன்னால் ரோட்டர்டாமைக் குறை சொன்னான், ஆனால் எர்த் என்று அவன் சொன்னதும் இருவருமாக அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது சுவரேறி, சாக்கடை ஓரமாகப் போய், தெருமுனையில் இருந்த பழைய அடிபம்பின் கழுத்தில் சுற்றியிருந்தது. எங்கள் வயர் மட்டுமல்ல, தெருவில் இருந்த எல்லா வீட்டு வயரும் அங்கேதான் சுற்றியிருந்தது, வேண்டுதல் மரத்தில் நூல் சுற்றின மாதிரி. ஒவ்வொரு வீடு கட்டும்போதும் வயரிங் பார்க்க வந்தவன் இரும்பைக் கண்டான், இரும்பில் முன்னவன் சுற்றிய வயரைக் கண்டான், தன் பங்குக்கும் சுற்றிவிட்டுப் போனான். ரோடு போட்டபோது பம்பின் குழாயை அடியில் வெட்டி சிமெண்டை ஊற்றிவிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அதனால் தெருவின் மிக்ஸியும் பிரிட்ஜும் மோட்டாரும் கசியவிட்டதெல்லாம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், அந்த வயர்களிலேயே ஊருக்குள் திரும்பி, தெருவிலேயே பெரிய இரும்பாக இருந்த எங்கள் டிரான்ஸ்பார்மரில் வந்து தங்கியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினேன். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கரியும் உப்பும் கரியும் உப்புமாக அடுக்கி, நடுவில் செம்புத் தகட்டை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, புது வயரை அதில் கட்டினேன், பழைய வயரை அறுத்தேன். உள்ளே வந்து டிரான்ஸ்பார்மரை அதன் இடத்திலேயே கொஞ்சம் திருப்பி வைத்து, அடியில் ரப்பர் வாஷரைக் கொடுத்து, கடைசி போல்ட்டை இறுக்கினேன், இறுக்கி முடிக்கும்போது அடுக்களையிலிருந்து இமெல்டா கத்தினாள்.

"என்னங்க, அது வெளிய வருது! கதவத் தெறங்க!"

திறந்தேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெளியே வந்தபின் அது எல்லாருக்கும் கேட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாட்டைப் போட்டபோது பாட்டுக்கு அடியில் பாட்டு மட்டுமே இருந்தது, இமெல்டா கண்ணை மூடிக் கேட்டாள், நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மொராயிஸ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்து கேட்டார், மூடினார்.

"கேக்குது. யாரு இல்லைன்னா? ஆனா இப்ப எனக்கும்தான் கேக்குது. அன்னைக்கே டீச்சருக்குக் கேட்டுச்சுன்னு எப்படி நம்புறது?"

தூக்குவாளி திரும்பி வந்து எங்கள் வீட்டு அலமாரியில் உட்கார்ந்தது, ஆனால் அங்கே அதிக நேரம் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை, ஏனென்றால் மறுநாளே செல்வமரி வந்து, "அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் தருவீங்களா, பிள்ளை தூங்கவே மாட்டேங்குது" என்றாள். தொட்டிலுக்கு அடியில் வைத்து மூடியை ஒருக்களித்துத் திறந்ததும், பிறந்ததிலிருந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை, நெடுநாள் தேடின ஒன்று கிடைத்ததுபோல் ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கியது. அதற்கப்புறம் தெரு அதை இரவல் கேட்கத் தொடங்கியது, காப்பித்தூள் கேட்பதுபோல, ஏணி கேட்பதுபோல. காதுக்குள் எந்நேரமும் இரைகிறது என்று புலம்பிய பெரியவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், இரண்டு இரைச்சலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அவரைச் சும்மா விட்டன. உப்பளத்துக்குப் போகிறவர்கள் மத்தியானம் அதை முதுகுக்குக் கீழே வைத்துப் படுத்தால் இடுப்பு வலி இறங்குகிறது என்றார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, இது மீட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார், இரண்டும் இல்லை என்றதும், அப்படியானால் நான் இதைப் பார்க்கவில்லை என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். செபமாலை சொல்லும்போது மூடி திறக்கக் கூடாது என்று பங்குச்சாமி மட்டும் ஒரு ஒழுங்கு வைத்தார், அது எல்லாரையும் அவரவர் அறியாமல் ஒரே சுதிக்கு இழுத்துவிடுகிறது, பராக்குப் பார்க்கிறவன் யார் என்று தெரிய மாட்டேன் என்கிறது என்றார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருகிற பழக்கமில்லை. குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். செல்வமரி முதல் தடவை மக்ரூன் போட்டு அனுப்பினாள், முனகலின் நடுக்கத்தில் அது மாவாக உதிர்ந்துவிட்டது. சத்தம் இருக்கிற பாத்திரத்தில் சத்தத்தைத்தான் போட வேண்டும் போலிருக்கிறது என்று அவளே யோசித்து, அடுத்த தடவை பிள்ளை விழித்ததும் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் போட்டு மூடித் தந்தாள். அது நன்றாக இருந்தது. பிறகு எல்லாரும் போட்டார்கள். ஒரு வீட்டார் குக்கரின் விசிலைப் போட்டார்கள், உப்பளத்துக்காரர்கள் வரப்பில் உப்பைச் சுரண்டி இழுக்கிற ஓசையைப் போட்டார்கள், புதிதாகக் கல்யாணமான ஜோடி என்ன போட்டது என்று சொல்லவில்லை. மொராயிஸ் அண்ணாச்சியும் ஒரு நாள் வாங்கிப் போனார், கோயில் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுப் பார்க்க என்றார், திருப்பித் தரும்போது, "நான் ஒண்ணும் போடலை, எனக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது" என்றார். "வெறும் வாளியாவா தந்தாரு?" என்று தெரு அவரைக் கொஞ்ச நாள் பேசியது. பாவம், அவர் மனைவி போன தபசுகாலத்தில்தான் இறந்துபோயிருந்தார், அடக்கத்தன்று நாற்காலி போடுவதிலிருந்து வேன் பிடிப்பதுவரை எல்லாவற்றையும் அவரே நின்று நடத்தினார், ஒரு சொட்டுக் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை, பெண்டாட்டி இல்லாத வீட்டில் பாத்திரத்தில் போட்டுத் தர யார் இருக்கிறார்கள் என்று செல்வமரிதான் தெருவின் வாயை அடைத்தாள்.

இப்படியே போட்டுப் போட்டு ஒரு நாள் தூக்குவாளியைத் தூக்க முடியவில்லை. மூடியைத் திறந்தால் சந்தைக்கடை. முனகல் அடியில் எங்கேயோ போய்விட்டது, பிள்ளை மறுபடி அலறியது, பெரியவரின் காது மறுபடி இரைந்தது. ராயப்பன் புளி போட்டுக் கழுவிப் பார்க்கலாம் என்றான். கொடியேற்றம் அடுத்து வந்துவிட்டது, தண்ணீர் வருகிற நேரத்தில் தெருவே குழாயடியில் கூடி நின்று இதைப் பேசிக்கொண்டிருக்க, அந்த வழியாக வந்த மொராயிஸ் அண்ணாச்சி சொன்னார்.

"கடல்ல கொண்டு கொட்டுங்க. இல்லன்னா டீச்சருக்குத்தான் அம்புட்டுக் காது இருக்கே, யாரு யாரு போட்டதுன்னு பிரிச்சு எடுக்கட்டும். எடுத்துட்டா கமிட்டி கூடவே வேண்டாம், நான் ஒத்துக்கிடுதேன்."

இமெல்டா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். தூக்குவாளியை மடியில் வைத்து, மூடியை விரலளவு திறந்து, தலையைச் சாய்த்தாள்.

"எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துட்டு வாங்க. வரிசையா நில்லுங்க."

அந்த வரிசையில் நிற்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ராயப்பா, ஒன் மைக் டெஸ்டிங். எத்தனை தரம்டா போட்டிருக்க? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

"ஒரு தரம் போட்டா கேக்குமான்னு தெரியலை டீச்சர்."

"குக்கர் விசில் யாருது... வாஷர் தேஞ்சுபோன குக்கர். மேலவீட்டு அக்கா, வாங்க. இது வரப்புல உப்பு இழுக்கறது, ரெண்டு பேரு இழுக்குதாங்க, ஒருத்தருக்கு இடது கை. இது முட்டி மடக்கற சத்தம். இது சண்டை, சண்டையில்ல, சண்டை முடிஞ்சு 'சரி விடு'ன்னு சொல்றது, நல்லாருக்கு, பத்திரமா வச்சுக்கோங்க. இது வளையல்." புதுப்பெண் கிண்ணத்தை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வரிசை முழுக்கச் சிரித்தது. ஒவ்வொன்றாக இமெல்டா சாய்த்து ஊற்ற, ஒவ்வொருவரும் தங்கள் சத்தத்தை வாங்கிக் காதில் வைத்து, ஆமாம் இது எங்களுதுதான் என்று தலையாட்டிக்கொண்டு போனார்கள், தூக்குவாளி லேசாகிக்கொண்டே வந்தது, கடைசியாகச் செல்வமரி பிள்ளையின் சிரிப்பைச் சொம்பில் வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் மொராயிஸ் அண்ணாச்சி.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் இமெல்டா. "குழாய்ச் சத்தம். குழாயைத் திறந்துவிட்டிருக்கு, பக்கெட் ரொம்பி வழியுது, யாரும் நிப்பாட்டலை."

அவள் இன்னும் குனிந்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தண்ணீர் விழுவது மட்டும்தான் கேட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், பாட்டுக்கு அடியில் ஒருத்தன் முனகுகிறான் என்று சொன்ன நாளில் இருந்த அதே முகம், தண்ணீருக்கு அடியில் யாரோ ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள், கூட்டத்தில் ஒரே ஒருவரை ஒரு கணம் பார்த்தாள், மொராயிஸ் அண்ணாச்சி தன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், துடைக்கவில்லை.

"யார் வீட்டுக் குழாய் டீச்சர்?" என்றான் ராயப்பன்.

"தெரியலை," என்றாள் இமெல்டா. "தெருக்குழாயா இருக்கும். மூடி சரியா மூடாம உள்ள போயிருக்கும். யாருதும் இல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. கடைசி ஒன்றில் விட்டுவிட்டாளே என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். மொராயிஸ் அண்ணாச்சி திரும்பி நடந்தார், அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கும் தோன்றியது, இமெல்டா மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கோயில் சாவி போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டவளின் நிதானத்தோடு.

அவர் திரும்பி வந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்னச் சம்படம், அவர் மனைவி முறுக்கு வைக்கிற சம்படம். வரிசையில் யாருமில்லை, ஆனாலும் வரிசையில் நிற்பதுபோல் வந்து நின்றார்.

"அது என் வீட்டுக் குழாய்தான், டீச்சர்," என்றார், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "ஒங்களுக்குத் தெரியும். ஊத்துங்க."

இமெல்டா ஊற்றினாள், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல். அவர் மூடியை அழுத்தி மூடி, சம்படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். தூக்குவாளியின் அடியிலிருந்து முனகல், கழுவி வைத்ததுபோல் சுத்தமாக எழுந்தது, செல்வமரியின் தோளில் அலறிக்கொண்டிருந்த பிள்ளை பாதி அலறலில் நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டது.

"சனிக்கிழமை பிராக்டிஸ் எத்தனை மணிக்கு, டீச்சர்?" என்றார் மொராயிஸ் அண்ணாச்சி.

கொடியேற்றத்தன்று பாடகர் குழு தூக்குவாளியைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் சுதியில் பாடியது. அந்தச் சுதி கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்ததால் கீபோர்டு வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவரும் பாடினார். தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும், கோயிலுக்கும்கூட, இப்போது தனித்தனி எர்த் குழி இருக்கிறது, கோடையில் பெண்கள் செடிக்கு ஊற்றுவதுபோல் அதற்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

திருவிழா முடிந்த வாரத்தில் மொராயிஸ் அண்ணாச்சி முனகலை மறுபடி இரவல் வாங்கிப் போனார், எதற்கென்று சொல்லவில்லை, மத்தியானம் முழுக்க வைத்திருந்துவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து தந்தார், தந்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். இமெல்டா மூடியைத் திறந்து காதை வைத்தாள், நெடுநேரம் வைத்திருந்தாள்.

"வெறும் வாளியா?" என்றேன்.

"பாடியிருக்காரு," என்றாள், மூடியைப் போட்டுக்கொண்டே. "சுதி கொஞ்சம் கீழ நிக்குது. சனிக்கிழமை சரிபண்ணிரலாம்."